பணத்தின் பின்னால் வந்தவர்கள்

நாவல்விடுதியில் ஓட்டுக்குப் பணம் கொடுத்த மறுநாள் காலையில், வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த பெண்களெல்லாம் கையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்கள், ஏனென்றால் பணம் வாங்கிய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முன்பின் தெரியாத ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார், சில வாசல்களில் ஆண், சில வாசல்களில் பெண், ஓட்டு அதிகம் இருந்த பெரிய குடும்பங்களின் வாசலில் நாலைந்து பேர், எல்லாரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல மடியில் கையை வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். யார் என்று கேட்டால் பேர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காமல், பீரோவையோ அரிசிப் பானையையோ சாமி படத்தின் பின்பக்கத்தையோ, அந்த வீட்டில் பணத்தை எங்கே வைத்திருந்தார்களோ அந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினார்கள்.

ஊர் பயந்து நடுங்கியது என்று சொன்னால் அது பொய். அந்தச் சீமையில் பேய்க்குப் பயப்படுவார்கள், பாம்புக்குப் பயப்படுவார்கள், ஆனால் வாசலில் வந்து உட்கார்ந்த ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்த பிறகுதான் மற்றதை யோசிப்பார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார்கள். சோறு போட்டார்கள், சாப்பிட்டார்கள். மெல்ல மெல்ல விசாரித்ததில் சங்கதி வெளியே வந்தது. தெற்குத் தெருவில் உட்கார்ந்திருந்த பெண் கடற்கரைப் பக்கம் இறால் பண்ணையில் வேலை பார்த்தவள், கால்விரல் இடுக்கெல்லாம் உப்புத் தண்ணீர் தின்று வெந்து கிடந்தது, கொடுக்க வேண்டிய கூலியை முதலாளி கொடுக்கவில்லை, அந்தக் கூலிதான் கை மாறி கை மாறிக் கட்சிக்குப் போய் ஓட்டுப் பணமாகி அந்த வீட்டு அரிசிப் பானைக்குள் வந்து கிடக்கிறது. கோயிலை ஒட்டின வீட்டில் இருந்த சின்னப் பெண் எங்கோ மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அதற்கு வர வேண்டிய சத்துணவு முட்டைதான் இங்கே நோட்டாக வந்திருக்கிறது. கண்ணாஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு பார்வை போனவர் ஒருத்தர், புயலில் கூரை போய் தார்ப்பாய்க்குக் காத்திருந்தே செத்துப்போனவர் ஒருத்தர், இப்படி உயிரோடு இருப்பவர்களும் போய்ச் சேர்ந்தவர்களும் கலந்துதான் வந்திருந்தார்கள், யார் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

நோட்டு எங்கே போனதோ அங்கே ஆளும் போனார். சாராயக் கடைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனவர்களின் பின்னாலேயே அவரவர் ஆட்களும் நடந்து போய், பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கடையைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று, குடிக்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, அப்படிப் பார்த்தால் யாருக்குத் தொண்டையில் இறங்கும்? மளிகைக் கடைக்காரர் ஒரே நாளில் எட்டுப் பேருக்குச் சோறு போட வேண்டி வந்ததும், சாக்பீஸை எடுத்து, ஆள் இல்லாத நோட்டு மட்டும் வாங்கப்படும் என்று கதவில் எழுதி வைத்துவிட்டார். பேங்கில் ஜன்னலையே சாத்திவிட்டார்கள். சிலர் பணத்தைக் கொண்டுபோய்க் கட்சியின் உள்ளூர் ஆளான மலைக்கொழுந்து கையிலேயே திருப்பித் திணித்துவிட்டு வந்தார்கள், அந்த ஆட்கள் எல்லாரும் மலைக்கொழுந்து வீட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள், அவர் பெண்சாதி அண்டா அண்டாவாக உலை வைத்து, புருசனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள்.

இத்தனையையும் பார்த்து, நல்லா வேணும், நல்லா வேணும் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போன ஒரே ஆள் தையல்நாயகி. சொல்வதற்கு அவளுக்கு நியாயம் இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் வாய்க்கால் பாலம் கட்டி முடித்த சூட்டோடு விழுந்தபோது, கம்ப்யூட்டர் கிளாஸ் முடிந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்த அவளுடைய ஒரே மகள் வினோதினி பாலத்தோடு போய்விட்டாள். கட்டியது, இப்போது ஓட்டுக்குப் பணம் கொடுத்த வேட்பாளர் பூபதிராசனின் மச்சான். பாலத்துக்குள் போக வேண்டிய சிமெண்டு எங்கே போயிற்று என்று தையல்நாயகி கேட்காத ஆபீஸ் இல்லை. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர்தான் பரிதாபப்பட்டுச் சொன்னார், "அது எங்கம்மா போகும், எலெக்சனுக்குப் போயிருக்கும்" என்று. அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் கேள்வி. தெருப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, கட்சி ஆபீசுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற காரையும் வருகிற காரையும், கட்டுகிற கொடியையும், இறங்குகிற பிரியாணி அண்டாவையும் பார்த்து, "யார் பணம்? யார் பணம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வரவு கேட்கும் பெண்கள் என்று அவர்களாகப் பேர் வைத்துக்கொண்டார்கள், ஊரோ, கணக்குப்பிள்ளை வீட்டம்மாக்கள் என்று கேலி பேசியது. அந்தச் சீமையில் ஒரு கல்யாணம் காதுகுத்து என்றாலோ, பணமுடை வந்து ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்தாலோ, யார் எவ்வளவு செய்தார்கள் என்று மைக்கில் பேர் சொல்லித்தான் மொய் வாங்குவார்கள். "கல்யாணத்துக்குச் செய்யிறத மைக்குல சொல்றோம்ல, எலெக்சனுக்குச் செய்யிறத மட்டும் ஏன் மூடி மறைக்கணும்?" என்பாள்.

பணம் கொடுத்த அன்றைக்கும் மத்தியானம் அவள் தாலுகா ஆபீசில் மனு கொடுத்துக்கொண்டிருந்தாள், பணம் கொடுக்கிறார்கள் ஐயா வந்து பிடியுங்கள் என்று. மறுநாள் விடிந்ததும் கொல்லைப் பக்கம் போகாமலே கிளம்பி, நாள் முழுக்க ஊர் வேடிக்கையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் தெம்பாக வீட்டுக்கு வந்து கொல்லைப் பக்கம் கால் கழுவப் போனாள். அங்கே துவைகல்லின் மேல் வினோதினி உட்கார்ந்திருந்தாள்.

போன அன்றைக்குப் போட்டிருந்த அதே பச்சைச் சுடிதார். தலை நனைந்து, முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் வண்டலின் வாசனை கொல்லை முழுக்க இருந்தது.

"எங்கம்மா போன? பசிக்குது" என்றாள் வினோதினி.

இரண்டு வருசமாக அழுத கண், அப்போது அழவில்லை, என்ன அதிசயம் பாருங்கள். பெற்றவளின் வாயில் முதலில் வந்தது திட்டுத்தான். "ஈரத் தலையோட இப்புடியா ஒக்காந்திருப்ப, சளி புடிச்சா யாரு பாக்குறது" என்று கொடியில் கிடந்த துண்டை உருவி மகள் தலையில் போட்டுத் துவட்ட ஆரம்பித்தாள். துவட்டிக்கொண்டிருக்கும்போதே கை நின்றது. ஊரில் யார் வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, எதனால் உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு புருசன் அடைக்கலம் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கினீங்களா?" என்றாள்.

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னங்க, வாங்கினீங்களா?"

"மத்தியானம் வந்தானுங்க தையலு. லிஸ்ட்டப் பாத்துப் பேரு கூப்புட்டானுங்க. என் பேரச் சொன்னான், வேண்டாம்னுட்டேன். ஒம் பேரச் சொன்னான், இந்த வீட்டுல வாங்க மாட்டோம்னு தெரியாதா, போங்கடான்னு சத்தம் போட்டேன். அப்பறம் அவன் வினோதினின்னான்." அடைக்கலம் மகளைப் பார்த்தார். "வெளியாளு வாயால அந்தப் பேரக் கேட்டு எத்தன நாளாச்சு. செத்தவங்க பேர லிஸ்ட்டுலேந்து எடுக்கணும்னு வந்தப்பக்கூட நமக்கு எழுதிக் குடுக்க மனசு வரலேல்ல. அவன் கூப்புட்டதும், இருக்கான்னுட்டேன். இருக்கான்னு சொன்னப்பறம் கை தானா நீண்டுருச்சு. வேண்டாம்னு சொன்னா அந்தப் பேர அடிச்சுப்புடுவானோன்னு இருந்துச்சு."

தையல்நாயகி துண்டைத் திரும்பக் கொடியில் போட்டாள். உள்ளே போய் அரிசி களைந்து போட்டாள்.

பிறகு வந்த நாட்கள் அந்த வீட்டில் எப்படிப் போயின என்று கேட்டால், சந்தோசமாகத்தான் போயின, அதுதான் கொடுமை. தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், ஒருத்தி முறுக்கு கொண்டுவந்தாள், ஒருத்தி மல்லிகைப் பூ கொண்டுவந்தாள், யாரும் எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை, எப்பம்மா வந்த என்றுதான் கேட்டார்கள். கூடப் படித்த பெண்கள் வந்தார்கள், ஒருத்தி கழுத்தில் தாலியோடும் இடுப்பில் பிள்ளையோடும் வந்து நின்றாள், வினோதினி அந்தப் பிள்ளையை வாங்கிக் கொஞ்சினாள், பிள்ளையின் சட்டையெல்லாம் நனைந்துபோயிற்று. தையல்நாயகி துண்டு மாற்றித் துண்டு மாற்றித் துவட்டினாள், வெயிலில் உட்கார வைத்தாள், சாம்பிராணி போட்டாள், அந்தத் தலை காயவே இல்லை. முன்னைப் போல அதிகம் பேசுவதில்லை பிள்ளை. பசிக்குது என்பாள், அம்மா இங்க வா என்பாள், இடையிடையே "வண்டி எங்கப்பா?" என்று கேட்பாள். "மெக்கானிக்கிட்ட நிக்குதும்மா" என்று அடைக்கலம் சொல்லுவார். போலீஸ் ஸ்டேசன் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த அந்த வண்டியை அவர் மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவது தையல்நாயகிக்குத் தெரியும்.

இதற்கிடையில் தேர்தல் பார்வையாளர் வந்து சேர்ந்தார். வடக்கேயிருந்து வந்த அம்மா, கூட மொழிபெயர்க்க ஒரு ஆள். வாசல் வாசலாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை, அவருடைய கஷ்டம் வேறு. வந்திருப்பவர்கள் வேறு வேறு மாவட்டம், அந்தப் பணம் அங்கிருந்து இங்கே எப்படி வந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது, வாசலில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் எழுதினால் மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு நோட்டையாவது, இது இன்னாரிடமிருந்து எடுத்தது, எடுத்தவர் இன்னார், அது இன்னாருக்குப் போயிற்று என்று ஊரே சொல்லும்படி ஒப்படைத்தால், தேர்தலை நிறுத்தச் சொல்லி இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். அவர் சொல்லி முடித்ததும் அங்கே நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்கே தெரிந்த ஆள் ஒருத்தி இருந்தாள். பாலம் தெரியும், கட்டியவன் தெரியும், அவன் யாருக்கு மச்சான் என்பதும் தெரியும். ஆனால் தையல்நாயகி முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல ஒருத்தருக்கும் நா எழவில்லை.

மொய் விருந்து என்று முதலில் சொன்னது கமலவேணி, தையல்நாயகியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி. "வந்தவங்க நமக்குச் செஞ்சிருக்காங்க, தெரிஞ்சு செஞ்சாங்களோ தெரியாமச் செஞ்சாங்களோ. செஞ்சவங்களுக்குப் பந்தி வச்சு, பேரு சொல்லித் திருப்பிச் செய்யிறதுதானே நம்ம வழக்கம்" என்றாள். ஊருக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. வேறு ஊராக இருந்தால் மந்திரவாதியைக் கூப்பிட்டிருப்பார்கள், வக்கீலைக் கூப்பிட்டிருப்பார்கள், நாவல்விடுதிக்காரர்கள் சமையல்காரரைக் கூப்பிட்டார்கள். ஆடியில் வைக்க வேண்டிய விருந்தைச் சித்திரையில் வைப்பது, ஓட்டுப்பதிவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வீடு அரிசி, ஆடு கொடுப்பவர் ஆடு, விறகு கொடுப்பவர் விறகு, எல்லாவற்றையும் மைக்கில் சொல்லிவிட வேண்டும். வந்தவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்து, பணம் வாங்கிய வீட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, பிறகு நோட்டைக் கொண்டுவந்து பார்வையாளர் முன்னால் வைத்து, யாருடையது என்று பேர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த நோட்டை உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டால் அந்த ஆள் எழுந்து போய்விடுகிறார், யார் வாசலிலும் போய் உட்காருவதில்லை. இது பார்வையாளரிடம் முந்தியே பணத்தைக் கொடுத்த ஒன்றிரண்டு வீடுகளில் பார்த்தது.

போய்விடுகிறார் என்பது தையல்நாயகியின் காதில் விழுந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விருந்து முடிவான அன்று மத்தியானமே மலைக்கொழுந்து வீட்டுக்கு வந்தார். கட்சி வேட்டி இல்லாமல், சாதாரணச் சட்டையில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வினோதினியைப் பார்த்து நிஜமாகவே கண் கலங்கினார், அவரும் பெண்ணைப் பெற்றவர்தான்.

"தங்கச்சி, நான் கட்சிக்காரனா வரல" என்றார். "ஒம் புள்ள ஒன் வீட்டுல இருக்கட்டும். அந்தத் தாள யாரும் வந்து கேக்க மாட்டோம். ஊரு ஆயிரம் சொல்லும், எலெக்சன் இன்னைக்கு வரும் நாளைக்குப் போகும். போன புள்ள திரும்பி வர்றது ஒலகத்துல யாருக்குக் கெடைக்கும்? ஒண்ணுமே செய்ய வேண்டாம், சும்மா இரு. அது போதும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பாக இல்லை, அதுதான் தையல்நாயகிக்குப் பொறுக்கவில்லை. அவர் போன பிறகு அடைக்கலம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தாளு சொல்றதுதான் தையலு எனக்கும். ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன். வேற எதுவும் நான் கேட்டதில்ல."

"அவ நம்ம புள்ளையா வந்து ஒக்காரலங்க. அந்தப் பணத்தோட வந்து ஒக்காந்திருக்கா."

"எதோட வந்தா என்ன? வந்திருக்கால்ல?"

அவள் எழுந்து மகள் தலையைத் துவட்டப் போனாள். அப்படியே இரண்டு நாள் போயிற்று. கமலவேணியும் மற்ற பெண்களும் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், கேட்டுவிடுவோமோ என்ற பயத்தில். அதுவும் அவளைச் சுட்டது.

சனிக்கிழமை பகலில் நடந்தது இது. நோட்டை யாராவது எடுத்துவிடப் போகிறார்கள் என்று பயந்து அடைக்கலம் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே திரிந்தார். அன்றைக்கு மாட்டுக்குத் தவிடு வாங்கக் கடைத்தெருவுக்கு, எப்போதும் போல மறதியில், நோட்டோடு கிளம்பிவிட்டார். துவைகல்லில் உட்கார்ந்திருந்த வினோதினி எழுந்தாள். செருப்பில்லாமல், கொளுத்துகிற வெயிலில், அப்பாவுக்குப் பத்தடி பின்னால் நடந்தாள். வாய் நிறையக் கூப்பிட்டாலும் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத பிள்ளை அவள், கடைக்குப் போய் வா என்றால் ஆயிரம் சாக்குச் சொல்லுவாள், எதிர்த்து எதிர்த்துப் பேசுவாள், அந்தப் பிள்ளை இப்போது கயிறு கட்டின கன்றுக்குட்டியாக ஐநூறு ரூபாய்த் தாளின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். "வினோ, நில்லுடி" என்று தையல்நாயகி வாசலிலிருந்து கூப்பிட்டாள். மகள் திரும்பிப் பார்த்தாள், நிற்க அவளால் முடியவில்லை. கால் அது பாட்டுக்குப் போயிற்று. தெருவில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தையல்நாயகி ஓடிப் போய் மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அந்தக் கை ஈரமாக வழுக்கி வழுக்கி விட்டுக்கொண்டே போயிற்று.

சாயங்காலம் புருசனிடம் சொன்னாள். "நாளைக்கு எவனாவது ஒங்க பையிலேந்து அதப் புடுங்கிட்டுப் போனா, அவன் பின்னாடி போயிருவா. எந்தக் கடைக்குப் போனாலும் போவா, எவன் வீட்டுக்குப் போனாலும் போவா. செத்தும் அவனுங்க கையிலயே கெடக்குறா நம்ம புள்ள."

அடைக்கலம் அழுதார். சரி என்று சொல்லவில்லை. அவள் வற்புறுத்தவும் இல்லை, ஏனென்றால் சொல்லி முடித்ததும் அவளுக்கே மகளை அனுப்ப மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார்கள். வாழை இலை, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், மோர். வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பரிமாறியவர்கள் சொந்தக்காரர்களைக் கவனிப்பதுபோல, இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க, கூச்சப்படாதீங்க என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிறகு மைக்கில் பேர் சொல்ல ஆரம்பித்தாள் கமலவேணி. இறால் பண்ணை ராக்கம்மாள், கூலியில் பிடித்தது ஐநூறு. மலையடிவாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை செல்வி, முட்டையில் பிடித்தது ஐநூறு. ஒவ்வொரு நோட்டாக உறைக்குள் போக, ஒவ்வொருத்தராக எழுந்து கை கழுவி, வைத்திருந்த வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு, மைதானத்தைத் தாண்டி ரோட்டில் ஏறி, கொஞ்ச தூரம் போனதும் காணாமல் போனார்கள். ராக்கம்மாளை வைத்திருந்த வீட்டுக்காரி அவள் காலுக்கு வேப்பெண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள். முட்டைக்காரப் பிள்ளையின் பாவாடை மடியில் ஊரே அவித்த முட்டையாகப் போட்டு நிரப்பியது. அழாதவர்கள் குறைவு, ஒரு வாரம் வீட்டில் இருந்த ஜீவன்கள் இல்லையா. மைதானத்தின் கடைசியில் மலைக்கொழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவருடைய கண் வினோதினி இருந்த இடத்தில்தான் இருந்தது.

வினோதினி நிதானமாகச் சாப்பிட்டாள். அடைக்கலம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நல்ல எலும்பாகப் பார்த்து எடுத்து எடுத்து வைத்தார். எல்லாப் பேரும் முடிந்தது. கமலவேணி மைக்கைப் பிடித்தபடி நின்றாள், அடுத்த பேரைச் சொல்ல அவளால் முடியவில்லை. பார்வையாளர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். தையல்நாயகி எழுந்து போய் மைக்கை வாங்கினாள். இரண்டு வருசமாகத் தெருத்தெருவாக யார் பணம், யார் பணம் என்று கேட்ட வாய், மைக் முன்னால் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. மகளைப் பார்த்தாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

மலைக்கொழுந்து நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது மைக் இருந்த இடம்வரைக்கும் கேட்டது.

அப்போது அடைக்கலம் எழுந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை, தையல்நாயகியும்தான். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்து, மைக்கை எடுத்து, கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத குரலில் சொன்னார்:

"நாவல்விடுதி அடைக்கலம் தையல்நாயகி மகள் வினோதினி. வாய்க்காப் பாலத்துச் சிமெண்டுல புடிச்சது ஐநூறு. புடிச்சவரு பூபதிராசன் மச்சான். ஓட்டுக்குன்னு கொண்டாந்து குடுத்தது மலைக்கொழுந்து ஆளுங்க. வாங்குனது நாந்தான்."

பார்வையாளர் மொழிபெயர்ப்பவரிடம் ஏதோ கேட்டார். அந்த ஆள் தயங்கித் தயங்கிச் சொன்னார், "எழுத்துல வேணுமாம் ஐயா. இந்தப் பொண்ணு இப்ப இருக்காங்களா, இல்லையா? நீங்க சொல்லணும்."

அடைக்கலம் மகளைப் பார்த்தார். அவள் இலை முன்னால் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலத்தில் அந்த வார்த்தையை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, போலீசில் சொன்னதில்லை, கருமாதி அன்றும் சொன்னதில்லை.

"இல்லீங்க" என்றார். "எம் மக இல்லீங்க. பாலத்தோட போயிட்டா."

பந்தலில் இருந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று, எங்களுக்கும் தெரியும், நாங்களும் சாட்சி என்றார்கள். நோட்டு உறைக்குள் போயிற்று. அரக்கு வைத்தார்கள். வினோதினி எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள், துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள், அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"போயிட்டு வர்றேம்மா. போயிட்டு வர்றேம்ப்பா."

"பாத்துப் போ" என்றாள் தையல்நாயகி. வேறு என்ன சொல்வாள், தினமும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மகள் ரோட்டில் ஏறிப் போனாள், வேகமாக, யார் பின்னாலும் இல்லாமல் தன்பாட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போனாள். தலை அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. அந்தத் தலையைத் துவட்டிக் காயவைக்க முடியாமல் போன வருத்தம் பெற்றவளுக்குச் சாகிறவரை இருந்தது.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொகுதியில் தேர்தல் நின்றது. மச்சானைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள், கேஸ் இன்னும் நடக்கிறது. ஆறு மாதம் கழித்துத் தேர்தல் வந்தபோது பூபதிராசன் நிற்கவில்லை, அவர் பெண்சாதி நின்றார், நாவல்விடுதியில் தோற்று மற்ற ஊர்களில் ஜெயித்தார். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த ஊரில் வார்டு மெம்பருக்கு நிற்பவன்கூட முதலில் பந்தி வைத்து, யார் செய்தது எவ்வளவு என்று மைக்கில் சொன்னால்தான் ஊரார் அவன் நோட்டீசைக் கையில் வாங்குவார்கள். இவ்வளவுதான் கிடைத்தது. இது பெரிசா சின்னதா என்று அந்தப் பெற்றவர்களிடம் போய் யார் கேட்பது?

அன்றைக்கு அவர்கள் இருவரும் வீட்டுக்குத்தான் கிளம்பினார்கள். பந்தல் வாசலில் ஊரே மறித்துக்கொண்டது. "மொய் செஞ்சவங்க கை நனைக்காமப் போகக் கூடாது தையலக்கா" என்றாள் கமலவேணி, அழுதுகொண்டே. எல்லாரும் வந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாயிற்று, இவர்கள் இருவர் மட்டும்தான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டு புது இலையைக் கொண்டுவந்து விரித்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள்.

தையல்நாயகி அந்த இலையில் உட்காரவில்லை. பந்தி வரிசையில் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டே வந்தவர்கள் வினோதினியின் இலைக்குக் கிட்டே வந்திருந்தார்கள். "அத எடுக்காதீங்க" என்றாள். போய் அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொழுப்புத் துண்டையும் கறிவேப்பிலையையும் எப்போதும் போல ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள் பிள்ளை, நடுவில் கொஞ்சம் சோறு மிச்சம் இருந்தது. தையல்நாயகி அந்தச் சோற்றைக் கூட்டிப் பிசைந்தாள். அடைக்கலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் அவள் தின்றாள், ஒரு வாய் அவருக்குக் கொடுத்தாள், இலையில் ஒன்றும் இல்லாமல் போகிறவரைக்கும் இருவரும் சாப்பிட்டார்கள்.